சொல்லாமல் போனவை

இந்தக் கதையில் ஆசிரமம் இல்லை, ஆற்றங்கரை இல்லை, தாடியும் இல்லை. குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. குரு சீடரை 'சார்' என்று கூப்பிடுவார், சீடர் குருவை 'மேடம்' என்பார். முதல் வருஷம் அவர்களுக்கே இது சிரிப்பாக இருந்தது. ஏழு வருஷம் ஆன பிறகு சிரிக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

சீடர் பெயர் சென்னியப்பன். உடுமலையில் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருஷமாக வாத்தியார். பேசாமல் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்திருக்கலாம். யார் செய்த தூண்டுதலோ, கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் டாக்டர் ஞானசௌந்தரியிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்த மறுநாளே ஸ்டாஃப் ரூமில் 'வாங்க டாக்டர்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் அது வாழ்த்தாக இருந்தது. மூன்றாம் வருஷம் கிண்டலாகிவிட்டது. ஏழாம் வருஷம் வெறும் பழக்கம். சாக்பீஸ் கொண்டுவந்து கொடுப்பவர்கூட முகத்தைப் பார்க்காமல் 'இந்தாங்க டாக்டர்' என்று நீட்டிவிட்டுப் போகிறார். கிண்டல்கூடப் பரவாயில்லை, இந்தப் பழக்கம்தான் சென்னியப்பனுக்கு அதிகம் வலித்தது.

ஆராய்ச்சி இதுதான். இடுப்பு தேய்ந்துபோனவர்களுக்கு உலோகத்தில் ஒரு மூட்டு செய்து வைக்கிறார்கள் அல்லவா, அந்த உலோகத்தின்மேல் பீங்கான் மாதிரி ஒரு பூச்சு பூசுவார்கள். எலும்பு வெறும் உலோகத்தோடு அவ்வளவாக ஒட்டாது, பூச்சோடு ஒட்டும். அந்தப் பூச்சு உலோகத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று அளக்க வேண்டும்.

அளப்பதும் பெரிய மந்திரம் இல்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக உலோக வில்லைகள். அதன்மேல் பூச்சுத் தூளைப் பரப்பி உலைக்குள் வைத்தால், தூள் உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு, பூச்சின் பக்கம் ஒரு இரும்புத் தண்டைப் பசை போட்டு ஒட்டி, மெஷினில் மாட்டி இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். 'பட்'டென்று கழன்று வரும்போது மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் இரண்டு வருஷம் நல்ல நல்ல எண்கள் வந்தன. சென்னியப்பன் பூரித்துப்போய்க் கொண்டுவந்து காட்டினார். ஞானசௌந்தரி எண்ணைப் பார்க்கவில்லை. உடைந்த வில்லையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பூச்சு பூச்சாகவே இருந்தது, உலோகத்தை விட்டு அசையவே இல்லை. விட்டுப்போனது பசை.

"நீங்க பசையோட பலத்தை அளந்திருக்கீங்க சார்" என்றார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. வேறு பசை தேடியதில் இன்னும் ஒரு வருஷம் போயிற்று. அன்றிலிருந்து சென்னியப்பனுக்கு ஒரு பழக்கம். மெஷின் காட்டும் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, உடைந்த முகத்தை முதலில் பார்ப்பார். எங்கே விட்டது என்று தெரியாமல் எத்தனையில் விட்டது என்று தெரிந்து என்ன பயன்? இதை மேடம் சொல்லித் தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்போது ஏழாம் வருஷத்தின் கடைசி மாதம். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகம் கடிதமே அனுப்பிவிட்டது. முப்பத்தோராம் தேதிக்குள் ஆய்வேடு போய்ச் சேரவில்லையென்றால் பதிவு ரத்து. மறுபடி வேண்டுமென்றால் முதல் வருஷத்திலிருந்து தொடங்கலாம், ஐம்பத்திரண்டாவது வயதில்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு, பைண்டு செய்த ஆய்வேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார். ஒரு கையெழுத்துப் போதும், எல்லாம் முடிந்தது.

ஞானசௌந்தரி காலையிலிருந்து, கல்லூரியைப் பார்வையிட வந்த குழு ஒன்றுக்குக் கட்டடம் கட்டடமாகக் காட்டிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டியிருந்தார். சென்னியப்பன் தயங்கி நின்றதைப் பார்த்தும் காலை இறக்கவில்லை. அவ்வளவு அலுப்பு.

உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ஆய்வேட்டைப் புரட்டினார். முன்னுரை, நன்றியுரை எல்லாம் தாண்டி நேராக அட்டவணைக்குப் போனார். இருபத்து நான்கு வரிகள். எல்லாவற்றிலும் குறைந்தது இருபத்தெட்டு. மூட்டு செய்கிற கம்பெனி ஒன்று இந்த அட்டவணைக்காகவே காத்திருந்தது. சராசரியெல்லாம் அவர்களுக்கு வேண்டாம், ஒரு வில்லைகூட இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வேட்டின் முடிவுரையே அதுதான்: ஒன்றுகூட இறங்கவில்லை.

விரல் ஒரு வரியில் நின்றது.

"எட்டாம் வில்லைக்கு அப்புறம் பதினொண்ணு வருது. ஒன்பதும் பத்தும் எங்க சார்?"

"அது சொல்லாமப் போனதுங்க மேடம்."

அந்த லேபில் இருக்கிற எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். சில வில்லைகள் மெஷின் வரைக்கும் வராது. பசை தடவும்போதோ, தண்டில் மாட்டும்போதோ, சும்மா கையில் எடுக்கும்போதோ பூச்சு கழன்று விழுந்துவிடும். மெஷின் இழுக்கவில்லை, அதனால் எண் இல்லை. எண் இல்லாததை எண் எழுதும் கட்டத்தில் எப்படி எழுதுவது? அதனால் எழுத மாட்டார்கள். ஆளுக்கு ஒரு டப்பா வைத்திருப்பார்கள், அதற்குள் போட்டுவிடுவார்கள். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. சீனியர் செய்ததை ஜூனியர் செய்தார், அவ்வளவுதான்.

ஞானசௌந்தரி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். சென்னியப்பன் தம்முடைய அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். மேஜைமேல் கவிழ்த்தார்கள். ஆறு வில்லைகள். ஒன்பது, பத்து, பதினேழு, பதினெட்டு, இருபத்து மூன்று, இருபத்தேழு. விளிம்பில் அவரே பொறித்த எண்கள்.

"இந்த லேபுல எல்லாரும் இப்படித்தானுங்களே மேடம்" என்றார் சென்னியப்பன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஞானசௌந்தரி மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த பவுடர் டப்பா ஒன்றை எடுத்து ஆறு வில்லைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்னோடது. பதினெட்டு வருஷமாச்சு" என்றார்.

அதைத் திறக்கவில்லை. சென்னியப்பனும் எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கிற விஷயமா அது?

அப்புறம் ஞானசௌந்தரி உலை நோட்டைக் கேட்டார். எந்த நாள் எந்த வில்லை வெந்தது, எப்போது உலையைத் திறந்தது, திறக்கும்போது உள்ளே எவ்வளவு சூடு, எல்லாம் அதில் இருக்கும். சென்னியப்பன் நோட்டு எழுதுவதில் கெட்டிக்காரர், ஒரு நாளைக்கூட விட்டதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வில்லை என்று பதினாறு நாள். ஞானசௌந்தரி விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். எண்பது, தொண்ணூறு, எண்பத்தைந்து. ஒன்பதும் பத்தும் வெந்த நாளில் முந்நூற்றுப் பத்து. பதினேழும் பதினெட்டும் வெந்த நாளில் முந்நூறு. இப்படி ஐந்து நாள்.

"அன்னைக்கு என்ன சார்?"

சென்னியப்பன் நோட்டையே பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான், அவர் எழுதிய எண்தான். ஆனால் இதுவரை அந்த ஐந்து வரிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில்லை. தேதிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"பஸ்ஸுங்க மேடம்" என்றார்.

மீதியை மெல்ல மெல்லச் சொன்னார். அவர் மனைவி சுலோச்சனா அரசு மருத்துவமனையில் நர்ஸ். சென்னியப்பனின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, தனியாக விட முடியாது. சுலோச்சனாவுக்கு இரவுப் பணி இருக்கிற நாளில் அவர் கிளம்புவதற்குள் சென்னியப்பன் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஐந்து நாற்பது பஸ்தான் கடைசி. மற்ற நாளென்றால் எட்டு மணி வரை காத்திருந்து, உலை நன்றாக ஆறிய பிறகு திறந்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போவார். மறுநாள் உலை வேறொருவருக்கு, அதனால் உள்ளேயே விட்டுவிட்டும் போக முடியாது. அந்த ஐந்து நாளும் ஐந்து மணிக்கே திறந்து, இடுக்கியால் வில்லைகளை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு ஓடினார். முந்நூறு டிகிரிதானே, சிவப்புகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

உலோகம் ஆறும்போது அதிகமாகச் சுருங்கும், பூச்சு அவ்வளவு சுருங்காது, அவசரமாக ஆறினால் யாரும் இழுப்பதற்கு முன்பே இரண்டும் ஒன்றை ஒன்று உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று ஞானசௌந்தரி சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய மனிதருக்கு அதை என்னத்துக்குச் சொல்வது?

சென்னியப்பன்தான் வாதாடினார். பஸ் நாளில் வெந்தவை எல்லாமே போகவில்லையே என்றார். இருபத்து நான்காவது வில்லை முப்பத்து மூன்று காட்டியது. இருபத்தெட்டாவது வில்லை முப்பது காட்டியது. முப்பத்தொன்றும் அப்படியே. உடைந்த முகத்தையும் பார்த்திருக்கிறார், பசை இல்லை, சந்தேகமே இல்லை. அவசரமாக ஆறியும் அவ்வளவு பலம் இருக்கிறதே!

"மிச்சம் வெச்சது இருக்கா?" என்று கேட்டார் ஞானசௌந்தரி.

இரண்டு இருந்தன. இழுக்காமல் வைத்திருந்த முப்பதும் முப்பத்திரண்டும். முப்பது நன்றாக ஆறியது. முப்பத்திரண்டு பஸ் நாளுடையது. இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். ஞானசௌந்தரி விளிம்பைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எது எது என்று கேட்டார். சென்னியப்பன் லென்ஸ் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லை.

ஞானசௌந்தரி செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார். லேபில் சின்ன வைஸில் ஒரு வில்லையை இறுக்கி, சவர பிளேடின் முனையால் உலோகமும் பூச்சும் சேருகிற இடத்தில் ஒரு கீறல் போட்டார். நகக்கண் அளவுதான். பிறகு பிளேடை அந்தக் கீறலுக்குள் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். கீறல் ஒரு அரிசி அளவு நகர்ந்தது. நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். இன்னும் ஒரு அரிசி நகர்ந்து மறுபடியும் நின்றது. கழற்றி விளிம்பைக் காட்டினார். முப்பது.

அடுத்ததை மாட்டினார். அதே பிளேடு, அதே கீறல். அழுத்துவதற்கு விரலைக் கொண்டுபோனார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பூச்சு முழுசாகக் கழன்று துள்ளி சென்னியப்பனின் சட்டைமேல் விழுந்தது.

அவர் அதைக் கையில் எடுத்தார். அப்பளத் துண்டு மாதிரி எடையே இல்லாமல் இருந்தது.

"வகுப்புல இதை எப்படிச் சொல்லுவீங்க சார்?" என்று கேட்டார் ஞானசௌந்தரி.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சென்னியப்பன் வகுப்புக்கு ஒரு புதுத் துணித் துண்டு கொண்டுபோவார். பலசாலிப் பையன்கள் இரண்டு பேரை நிறுத்தி இழுக்கச் சொல்வார். கிழியாது. பிறகு ஜவுளிக்கடைக்காரர் செய்கிற மாதிரி ஓரத்தில் கத்திரியால் ஒரு வெட்டு வைப்பார். அதே துண்டை இரண்டு விரலால் சர்ரென்று கிழித்துக் காட்டுவார். இழுத்தால் தாங்குகிறதா என்பது ஒரு கேள்வி, ஒரு கீறல் விழுந்த பிறகு தாங்குகிறதா என்பது வேறு கேள்வி, பரீட்சையில் இரண்டையும் குழப்பி எழுதினால் மார்க் கிடையாது என்பார். இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறார். தம்முடைய அட்டவணையில் முதல் கேள்வி மட்டும்தான் இருந்தது.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. அன்றும் சுலோச்சனாவுக்கு இரவுப் பணி.

"இதையெல்லாம் எழுதினா என்ன ஆகுங்க மேடம்?"

ஞானசௌந்தரி மறைக்கவில்லை. ஆறு வில்லைக்கு நேரே பூஜ்யம் என்று வரும். ஒன்றுகூட இறங்கவில்லை என்ற முடிவுரை நிற்காது. இந்த மூன்று நாளில் வேறு முடிவுரைக்குச் சோதனை செய்ய முடியாது, அதற்கு ஆறு மாதமாவது வேண்டும். பதிவு போய்விடும். தாமே போய்க் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டாலும் கிடைக்காது என்றும் அவரே சொன்னார்.

"எழுதாமலே கொடுத்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன் சார். எனக்குப் போட்டாங்க" என்றார். அந்தத் துருப்பிடித்த டப்பா அங்கேயே இருந்தது.

பேனாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

சென்னியப்பன் யோசித்தார். ஏழு வருஷத்தை யோசித்தார். சாக்பீஸ் நீட்டும் கையை யோசித்தார். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி தூங்கிய எத்தனையோ சாயங்காலங்களை யோசித்தார். கம்பெனிக்காரர் ஒருமுறை கொண்டுவந்து காட்டிய மூட்டு ஞாபகத்துக்கு வந்தது. கனமாக, வழவழவென்று இருந்தது. யாராவது ஒரு அம்மாள் அதன்மேல் நின்று கோயில் படி ஏறுவாள். கால் கொஞ்சம் பிசகினால் உள்ளே ஒரு கீறல் விழும். நகக்கண் அளவுதான்.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பொய்யான வழி இல்லை. முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

"மேடம், இது பூச்சுப் பிடிப்போட குத்தம் இல்லீங்க. என்னோட குத்தம். ஒழுங்கா ஆற விட்டதுல ஒண்ணுகூடப் போகல. பஸ் நாள் பத்தையும், நல்ல நம்பர் வந்ததையும் சேத்தே, மொத்தமா தள்ளி வெச்சிடறேன். ஆறுறதுக்கு முன்ன தெறந்தது செல்லாதுன்னு ஒரு வரி எழுதிடறேன். மிச்சம் அத்தனையும் சுத்தமானதுங்க. கம்பெனியில எல்லாம் ஒழுங்காத்தான செய்வாங்க, அங்க எதுக்குங்க பாதியில தெறக்கப் போறாங்க? நியாயமாத்தான கேக்கறேன்?"

நியாயமாகத்தான் கேட்டார். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஞானசௌந்தரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஆறு வில்லைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, அவர் பக்கம் நகர்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு இருபது ஆச்சு சார், கிளம்புங்க. அப்பா தனியா இருப்பாரு" என்றார். பிறகு அலுத்துப்போன அதே குரலில் சொன்னார். "அந்தக் கம்பெனியில உலையைத் திறக்கிறவருக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும். அவருக்கும் ஒரு அஞ்சு நாப்பது பஸ் இருக்கும்."

சென்னியப்பன் எழுந்தார். திறந்திருந்த பேனாவை மூடி மேடத்தின் பக்கம் வைத்தார். கையெழுத்தாகாத ஆய்வேட்டையும் பிஸ்கட் டப்பாவையும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.